மறுக்கப்பட்ட வேடம்

அன்னா மே வொங் என்னும் அமெரிக்க நடிகையின் கதை

சில வருடங்களுக்கு முன்பு, உயர்தர வகுப்பு மாணவருக்குப் பேர்ள் எஸ். பக் அம்மையாரின் ‘நல்ல நிலம்’ என்னும் ஆங்கில நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சீனக் குடியானவன் வாங் லுங்கையும், அதிகம் பேசாது உழைப்பினாலேயே ஒரு குடும்பத்தைத் தாங்கிநின்ற அவன் மனைவி ஓ-லானையும் அறிந்தவர்கள் எளிதில் மறந்துவிடுவதில்லை. 1931இல் வெளிவந்த அந்நாவலுக்கு மறுவருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1937இல் ஹொலிவூட் அதனைத் திரைப்படமாக்கியது. அடுத்த வருடம் ஆசிரியைக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. படத்தில் ஓ-லானாக நடித்தவரோ சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றார். இவற்றையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“சேர், ஓ-லானாக நடித்தவர் சீனத்துப் பெண்ணா?”

“இல்லைப் பிள்ளை. லூயிஸ ரைனர் என்னும் ஐரோப்பிய நடிகை. ஜேர்மனியிலே பிறந்தவர்.”

“அப்படியென்றால், அந்தக் காலத்திலே அமெரிக்காவிலே நடிக்கத் தெரிந்த சீனப் பெண் ஒருத்திகூட இருக்கவில்லையா?”

வகுப்பிலே சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடை தெரியாத ஆசிரியனுக்குச் சிரிப்பு வருவதில்லை. “தேடிப் பார்த்து வந்து சொல்லுகிறேன்” என்று கூறி அன்று தப்பித்துக்கொண்டேன். தேடியபோது அறிந்தவற்றையே இங்கே வாசகர் முன் வைக்கிறேன். ஒருத்தி இருந்தார். ஹொலிவூட்டுக்குச் சில மைல் தொலைவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஐரோப்பாவின் தலைநகரங்கள் கொண்டாடிய நடிகை. அவர் பெயர் அன்னா மே வொங்.

சலவைச்சாலைச் சிறுமி

1905ஆம் ஆண்டு ஜனவரி 3ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், சலவைச்சாலை நடத்திவந்த வொங் சாம் சிங் என்பவருக்கு மகளாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வொங் லியு சொங். உறைபனி படிந்த மஞ்சள் வில்லோ மரம் என்பது அதன் பொருள். தந்தையும் கலிபோர்னியாவிலே பிறந்தவரே. ஆதலால், அன்னா மே அமெரிக்க மண்ணில் மூன்றாந் தலைமுறையினர். ஆயினும் அந்நாட்டின் கண்ணுக்கு அவர் அந்நியராகவே தோன்றினார். சீனத் தொழிலாளர் நாட்டினுள் வருவதைத் தடைசெய்தும், வந்திருந்த சீனர் குடியுரிமை கோருவதை மறுத்தும் 1882இல் இயற்றப்பட்ட சட்டம் 1943 வரையில் நீக்கப்படவில்லை. அச்சட்டத்தின் நிழலிலேதான் அவருடைய இளமை கழிந்தது.

பொதுப் பள்ளிக்கூடத்தில் வெள்ளைப் பிள்ளைகள் அவரைக் கேலிசெய்து துன்புறுத்தினர். அதனைப் பொறுக்காத பெற்றோர் சீனர் பகுதியிலிருந்த மிஷன் பாடசாலைக்கு அவரை மாற்றினர். இதே காலத்திலேதான் நியூயோர்க்கிலிருந்து படக்கம்பனிகள் கலிபோர்னியாவை நோக்கி வரத் தொடங்கியிருந்தன. சீனர் குடியிருந்த தெருக்களிலே கமராக்கள் வந்து நின்றன. சலவைத் துணிகளை வீடுவீடாகக் கொண்டுசென்று கொடுத்த சிறுமி, கைக்கு வந்த சில்லறையுடன் படக்கொட்டகைக்கு ஓடினாள். படம் பிடிக்கும் இடத்திலே மணிக்கணக்கில் நின்றாள். ‘வேடிக்கை பார்க்கும் சீனப் பிள்ளை’ என்று படப்பிடிப்பாளர் அவளுக்குப் பட்டப்பெயர் சூட்டினர். பதினொரு வயதிலேயே தனக்கொரு மேடைப் பெயரையும் அவள் ஆக்கிக்கொண்டாள். ஆங்கிலப் பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்து அன்னா மே வொங் ஆனாள்.

1919இல் ‘சிவப்பு விளக்கு’ என்னும் படத்துக்கு நூற்றுக்கணக்கான சீனப் பெண்கள் தேவைப்பட்டனர். தந்தைக்குத் தெரியாமல், பதினான்கு வயதிலே, கூட்டத்தில் விளக்கேந்திச் செல்லும் ஒருத்தியாக அவர் முதன்முதலிற் கமராவின் முன் தோன்றினார்.

கடலுள் மறையும் பெண்

மூன்று வருடங்களின் பின் அவருக்குக் கதாநாயகி வேடமே கிடைத்தது. 1922இல் வெளிவந்த ‘கடல் கொண்ட விலை’ என்னும் அப்படம், டெக்னிகலர் முறையிலே ஆரம்ப காலத்திற் படமாக்கப்பட்ட முழுநீளக் கதை என்ற வகையிலும் வரலாற்றில் இடம்பெறுவது. அமெரிக்கன் ஒருவனைக் காதலித்து, அவனுக்கு ஒரு மகனையும் பெற்று, பின்பு கைவிடப்படும் சீனப் பெண்ணின் கதை அது. தன் குழந்தையை அமெரிக்க மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு அவள் கடலுள் இறங்கி மறைகிறாள். பதினேழு வயதுப் பெண், மிகையான அங்க அசைவுகள் இன்றி, கண்களாலேயே அத்துயரை உணர்த்தியதைப் பத்திரிகைகள் பாராட்டின.

அப்படத்தின் பிரதிகள் நெடுங்காலம் மறைந்து கிடந்தன. 1985இல் மூலச் சுருள்களைக் கண்டு புதுப்பித்தபோது இறுதிச் சுருள்கள் கிடைக்கவில்லை. எனவே, அக்காலத்து இருவண்ணக் கமரா ஒன்றினாலேயே கலிபோர்னியாக் கடலில் ஞாயிறு மறைவதைப் புதிதாகப் பிடித்து முடிவிலே சேர்த்தனர். இன்று அதனைப் பார்ப்பவர் கடலை மாத்திரமே காண்பர். கடலுள் இறங்கும் பெண்ணைக் காணமாட்டார். அக்காட்சியைப் பார்த்தபோது இந்நடிகையின் வாழ்வு முழுவதும் அதனுள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

ஏனெனில், இதன்பின் ஹொலிவூட் அவருக்கு வைத்திருந்தவை இரண்டே பாத்திரங்கள். ஒன்று, ஏமாற்றப்பட்டு மடியும் பேதை. மற்றொன்று, ஏமாற்றிக் கொல்லும் வஞ்சகி. 1924இல் டக்ளஸ் பெயர்பாங்ஸ் நடித்த ‘பக்தாத் திருடன்’ படத்திலே மங்கோலிய அடிமைப் பெண்ணாக வந்து சதிசெய்தார். அந்தச் சிறு வேடம் அவரை உலகமறியச் செய்தது. ஆயினும் கதவு அகலத் திறக்கவில்லை. சீனப் பெண்ணே கதாநாயகியாகும் கதையாயின், ஐரோப்பிய இனத்து நடிகை ஒருத்தியின் கண்ணோரங்களை ஒப்பனையால் மாற்றி அவளை நடிக்கவைப்பதே அன்றைய வழக்கம். உண்மைச் சீனப் பெண்ணோ தோழியாகவோ பணிப்பெண்ணாகவோ பக்கத்திலே நிற்பாள்.

ஐரோப்பா அளித்த வரவேற்பு

மனம் கசந்த அன்னா மே 1928இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். பெர்லினில் நெறியாளர் றிச்சாட் ஐக்பேர்க்கின் படங்களிலே கதாநாயகியானார். வோல்ட்டர் பென்யமின் என்னும் பெருந் திறனாய்வாளர் அவரைச் சந்தித்து உரையாடிக் கட்டுரை எழுதினார். அன்னா மே ஜேர்மன் மொழியைக் கற்றார். வியன்னாவின் மேடையில் அம்மொழியிலேயே நடித்தார். 1930இல் ஒரே கதையை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் ஆகிய மும்மொழிகளிலும் பேசும்படமாக எடுத்தபோது மூன்றிலும் அவரே நாயகி.

லண்டனில் 1929ஆம் ஆண்டு ‘சுண்ணக்கட்டி வட்டம்’ என்னும் நாடகத்தில் நடித்தார். அவருடன் நடித்தவர்களுள் இளைஞரான லோரன்ஸ் ஒலிவியேயும் ஒருவர். தோற்றத்தை வியந்த விமர்சகர்கள் அவருடைய கலிபோர்னிய உச்சரிப்பைப் பரிகசித்தனர். சீனப் பெண்ணின் வாயிலிருந்து அமெரிக்க ஆங்கிலம் வந்தது அவர்களுக்கு ஒவ்வவில்லை. அவரோ மனமுடைந்து போகாமல் ஆசிரியரை அமர்த்தி ஆங்கிலேய உச்சரிப்பைப் பயின்றார். பழிப்புக்குப் பயிற்சியால் விடைகூறியவர் அவர்.

அதே வருடம் வெளிவந்த ‘பிக்காடிலி’ என்னும் பிரித்தானிய மௌனப்படத்தை அண்மைக் காலத்திற் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள். நான் அதனை இருமுறை பார்த்தேன். ஆர்னல்ட் பென்னற் எழுதிய கதை, ஈ. ஏ. டூபொன்ற் நெறிப்படுத்தியது. பெரிய நடன விடுதியொன்றிலே உணவருந்த வந்த ஒருவன் தட்டு அழுக்காயிருக்கிறதென்று சினக்கிறான். விடுதி முதலாளி காரணத்தைத் தேடிக் கீழ்த்தளத்துக்கு இறங்குகிறான். அங்கே பாத்திரம் கழுவும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு, தங்களுள் ஒருத்தி ஆடுவதைப் பார்த்து மெய்மறந்து நிற்கிறார்கள். கிழிந்த காலுறையும் பழைய உடையுமாக அவள் மெல்ல அசைகிறாள். அவளே ஷோஷோ, அதாவது நமது அன்னா மே. விளம்பரத்திலே முதலிடம் பெற்ற நடிகை வேறொருவர். ஆனால், அந்தச் சமையற்கட்டுக் காட்சியின் பின் வேறெவரையும் நம் கண்கள் தேடுவதில்லை. அப்படத்திலும் ஈற்றில் ஷோஷோ கொல்லப்படுகிறாள் என்பதைச் சொல்லவேண்டுமா?

பேசும்படக் காலத்தில்

ஐரோப்பியப் புகழுடன் திரும்பியவரைப் பரமவுண்ட் கம்பனி அழைத்துக்கொண்டது. 1931இல் ‘நாகத்தின் மகள்’ என்னும் படத்திலே கொடியவனான பூ மஞ்சுவின் மகளாக நடித்தார். தந்தையாக நடித்தவர் சுவீடனிலே பிறந்த வோர்னர் ஓலன்ட். படத்தின் தொடக்கத்திலேயே இறந்துபோகும் அவருக்குக் கிடைத்த ஊதியம் 12,000 டொலர். படம் முழுவதும் வரும் அன்னா மேயுக்கு 6,000 டொலர்.

மறுவருடம் வெளிவந்த ‘ஷங்காய் எக்ஸ்பிரஸ்’ அவருடைய படங்களுள் மிகவும் பேசப்படுவது. ஜோசெப் வொன் ஸ்ரேர்ன்பேர்க்கின் நெறியாள்கை. மார்லீன் டீட்ரிக் நாயகி. புகைவண்டிப் பெட்டியிலே இருவரும் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். டீட்ரிக்கின் மீது ஒளி பொழிகிறது. அன்னா மே சீட்டுக்களை அடுக்கியபடி தாழ்ந்த குரலில் இரண்டொரு சொற்களே பேசுகிறார். அச்சொற்கள் காதிலே நிற்கின்றன. தன்னை மானபங்கப்படுத்திய கலகத் தலைவனை அவர் குத்திக் கொல்வதனாலேயே கதை திரும்புகிறது. ஆயினும் கதையின் முடிவிலே காதலர் இணையும்போது அவருக்கு அங்கே இடமில்லை.

இது தற்செயலன்று. வெள்ளையரும் சீனரும் மணஞ்செய்வதைக் கலிபோர்னியச் சட்டம் தடைசெய்திருந்தது. 1948இலேயே அம்மாநில உயர்நீதிமன்றம் அத்தடையை வீழ்த்தியது. திரைப்பட முதலாளிகள் 1930இல் வகுத்து 1934 முதற் கடுமையாக நடைமுறைப்படுத்திய ஒழுக்க விதிகளும் கலப்புக் காதலைத் திரையில் விலக்கின. இவ்விதியின் எழுத்து வெள்ளையரையும் கறுப்பரையுமே குறித்தது; கம்பனிகளோ அதனை ஆசிய இனத்தவர் மீதும் செலுத்தின. விளைவு யாது? கதாநாயகன் வெள்ளையனாகவே இருப்பான்; கதாநாயகி அவனைக் காதலிக்கவேண்டும்; ஆகவே சீனப் பெண் கதாநாயகியாக முடியாது. இத்தகைய கணக்கிலே திறமைக்கு இடமேது?

ஓ-லான்

‘நல்ல நிலம்’ படமாகப்போகிறது என்ற செய்தி வந்தபோது, அன்னா மே தம் வாழ்நாளின் வேடம் இதுவே என்று எண்ணினார். ஓ-லான் வஞ்சகியல்லள், நாணயமுள்ள உழைப்பாளி, ஒரு தாய். சீனப் பெண்ணொருத்தி மனிதப் பிறவியாகவே சித்திரிக்கப்பட்ட கதை. ஆனால், எம்.ஜி.எம். கம்பனி வாங் லுங் வேடத்துக்குப் போல் முனி என்னும் நடிகரைத் தெரிந்தது. நாயகன் வெள்ளையனாகிவிட்டதால் நாயகியும் அவ்வாறே ஆகவேண்டியதாயிற்று என்பர் திரைப்பட வரலாற்றாசிரியர். ஓ-லான் வேடம் ரைனருக்குச் சென்றது.

அன்னா மேயை 1935இன் இறுதியில் லோட்டஸ் என்னும் வேறொரு பாத்திரத்துக்கே பரீட்சித்தனர். வாங் லுங்கை மயக்கிக் குடும்பத்தைக் குலைக்கும் ஆசைநாயகி அவள். முக்கிய வேடங்களிலெல்லாம் ஐரோப்பியரும் அமெரிக்கரும் சீனராக வேடமிட்டு நிற்க, சீன இரத்தமுள்ள தாம் ஒருத்தி மாத்திரம் வெறுக்கத்தக்க வேடத்தை ஏற்பதா என்று அவர் கேட்டார். ஈற்றில் அதுவும் வியன்னாவின் டில்லி லொஷ் என்னும் நடனமாதுக்கே போயிற்று.

ரைனரின் நடிப்பிலே குறைகாண்பது என் நோக்கமன்று. அவர் ஓ-லானை உள்ளன்போடு நடித்தார். பிறிதொருவராக மாறுவதே நடிப்பு. சீனரல்லாதார் சீனராக நடித்தல் ஆகாது என்று கலையில் ஒரு விதி வகுத்தல் பொருந்தாது. குற்றம் வேறிடத்திலே உள்ளது. கதவு ஒரு பக்கமாகவே திறந்தது. ஐரோப்பிய நடிகை ஓ-லானாகலாம், லோட்டஸாகலாம், விரும்பிய எவராகவும் ஆகலாம். அன்னா மே ஜூலியற்றாக முடியாது என்பது கிடக்கட்டும், ஓ-லானாகவும் முடியாது. பிறரைப் போல நடிக்கும் உரிமை மாத்திரமன்றித் தன்னைப் போல நடிக்கும் உரிமையும் அவருக்கு மறுக்கப்பட்டது.

மூதாதையர் நாட்டில்

1936இன் தொடக்கத்திலே அவர் முதன்முறையாகச் சீனாவுக்குப் புறப்பட்டார். தந்தை அதற்கு முன்னரே சொந்தக் கிராமத்துக்குத் திரும்பியிருந்தார். பயணத்தைப் பற்றி ‘நியூயோர்க் ஹெரல்ட் ட்றிபியூன்’ பத்திரிகைக்குக் கட்டுரைகள் எழுதினார். ஒளிப்படக் கலைஞர் ஒருவரை அமர்த்திப் படமும் பிடித்தார். ஷங்காயில் இரசிகர் கூட்டம் அவரை மொய்த்தது. ஆனால், அங்கே காத்திருந்தது வரவேற்பு மாத்திரமன்று. அவருடைய பாத்திரங்கள் சீன இனத்துக்கு அவமானம் என்று பத்திரிகைகளும் அரசியலாளரும் கண்டித்தனர். குடும்பத்தின் தென்னாட்டுப் பேச்சு வழக்கையே அறிந்திருந்த அவருக்கு வட சீனத்து மொழி விளங்கவில்லை. பீக்கிங் நகரிலே தங்கி அம்மொழியைப் பயின்றார். சீன நாடகக் கலையையும் நேரிற் கண்டறிந்தார்.

அமெரிக்கர் கண்ணுக்கு அவர் சீனர். சீனர் கண்ணுக்கு அமெரிக்கர். பிறர் எழுதிக்கொடுத்த வேடத்துக்காக அவ்வேடத்தைத் தரித்தவரே இரு திசைகளிலும் பழி சுமந்தார். கலைஞர் வாழ்வில் இதனினும் கொடிய தனிமை உண்டோ நான் அறியேன்.

திரும்பி வந்தபின் 1937இல் ‘ஷங்காயின் மகள்’ என்னும் படத்திலே துணிவும் அறிவும் உள்ள நாயகியாக நடித்தார். கொரிய அமெரிக்கரான பிலிப் ஆன் துப்பறிவாளராக வந்து ஈற்றில் அவரை மணக்கக் கேட்கிறார். ஆசியர் இருவரும் நல்லவர், இருவரும் உயிரோடிருக்கிறார்கள், கதை இன்பமாக முடிகிறது! சிறு முதலீட்டிலே எடுக்கப்பட்ட இப்படத்தை 2006இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற் சேர்த்தனர். ஜப்பான் சீனாவின் மீது படையெடுத்த காலத்தில் தம்முடைய உடைகளை ஏலத்தில் விற்றுச் சீன நிவாரணத்துக்கு உதவினார். 1942இல் நடித்த இரு போர்க்காலப் படங்களின் ஊதியத்தையும் அதற்கே அளித்தார். அதன்பின் ஏழு வருடங்கள் திரை அவரை அழைக்கவில்லை. 1949இல் அழைத்தபோது கிடைத்தது பணிப்பெண் வேடம்.

சொந்தப் பெயர்

சினிமா கைவிட்டவருக்கு அன்று புதிதாக வந்திருந்த தொலைக்காட்சி இடமளித்தது. 1951ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதல் நவம்பர் வரையில் டூமொன்ற் ஒளிபரப்பில் ‘மதாம் லியு சொங்கின் கலைக்கூடம்’ என்னும் தொடர் நடைபெற்றது. கலைப்பொருட் கூடமொன்றை நடத்திக்கொண்டு குற்றங்களைத் துப்பறியும் அறிவாளிப் பெண் அதன் நாயகி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆசிய அமெரிக்கர் ஒருவரை நாயகராகக் கொண்ட முதலாவது தொடர் அதுவே. வாசகர் அப்பெயரைக் கவனித்தல் வேண்டும். லியு சொங் என்பது பெற்றோர் அவருக்கு இட்ட பெயர். சலவைச்சாலையில் அழைக்கப்பட்ட பெயரை நாற்பத்தாறு வயதிலே திரையில் மீண்டும் பெற்றார். அத்தொடரின் ஒரு பகுதியேனும் இன்று எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. அவர் பிறராக நடித்த படங்கள் பல இருக்கின்றன. தம் பெயரோடு நடித்தது அழிந்துவிட்டது.

1956இல் நெறியாளர் வில்லியம் வைலர் சமர்செற் மோமின் ‘கடிதம்’ கதையைத் தொலைக்காட்சிக்கு ஆக்கியபோது அன்னா மேயும் நடித்தார். 1940இல் வைலரே எடுத்த திரைப்படத்தில் அந்த வேடத்தைத் தரித்தவர் கேல் சொண்டர்காட் என்னும் வெள்ளை நடிகை. காலம் மிகச் சிறிதளவே அசைந்திருந்தது. 1957இல், இருபத்தொரு வருடங்களுக்கு முன் தாம் பிடித்த சீனப் பயணப் படத்தை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே காட்டித் தம் வாயாலேயே விளக்கமும் கூறினார்.

குடிப்பழக்கமும் ஈரல் நோயும் இறுதி வருடங்களிலே உடலைத் தளர்த்தின. 1960இல் ஹொலிவூட் நடைபாதையில் அவர் பெயருடன் நட்சத்திரம் பதிக்கப்பட்டது. நடிகர் பெரும்பாலும் ஆசியராகவே அமைந்த ‘மலர் முரசுப் பாடல்’ என்னும் படத்திலே நடிக்கவும் ஏற்பாடாகியிருந்தது. அது கைகூடுமுன், 1961 பெப்ரவரி 3ஆந் திகதி, ஐம்பத்தாறு வயதில் மாரடைப்பினாற் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

நாணயத்தில் ஒரு முகம்

2022இல் அமெரிக்க அரசாங்கம் அவருடைய முகத்தைப் பொறித்து 25 சத நாணயத்தை வெளியிட்டது. அந்நாட்டின் புழக்க நாணயத்திலே இடம்பெற்ற முதல் ஆசிய அமெரிக்கர் அவரே. ஒரு காலத்தில் எந்த முகத்தைக் கதாநாயகிக்கு ஏற்றதன்று என்று ஒதுக்கினார்களோ அதே முகத்தைக் கைக்குக் கை மாற்றுகிறார்கள். 2023இல் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் பரிசு மலேசியச் சீனரான மிஷேல் யோவுக்குக் கிடைத்தது. இவை மகிழத்தக்கவையே. ஆயினும், காலந்தாழ்த்திய மரியாதை எதுவும் நடிக்கப்படாத வேடத்தை நடிக்கச் செய்துவிடாது.

இத்தனையையும் அம்மாணவியிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பின்பு, “அவர் ஓ-லானாக நடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும், சேர்?” என்று கேட்டாள்.

அதற்கு என்னிடம் விடையில்லை. ‘பிக்காடிலி’ படத்தின் அந்தக் கீழ்த்தளக் காட்சியை மாத்திரம் அவளுக்குக் காட்டினேன். அழுக்குத் தட்டுகளின் நடுவே, எவருக்காகவுமின்றி ஆடும் அப்பெண்ணை அவள் கண்கொட்டாமற் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடிந்ததும் மீண்டும் ஒருமுறை போடும்படி கேட்டாள்.